எம்.டி. முடித்த டாக்டர் எபிடெமியாலஜி படிக்க வார்டை விட்டுப் போகலாமா?

இரவுடூட்டி
திங்கள், இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து ஐந்து வருடம் ஆகிறது. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வார்டில் பூச்சிமருந்து குடித்தவர்கள் வராத வாரம் கிடையாது. பலருக்கு இருபது, இருபத்தைந்து வயதுதான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்றால் அட்ரோபின் என்ற முறிவு மருந்து எல்லோருக்கும் உண்டு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாங்கள் பாம் என்று சொல்லும் பிராலிடாக்சிம் என்ற இன்னொரு முறிவு மருந்தில்தான் யூனிட்டுக்கு ஒரு வழக்கம். ஒரு யூனிட்டில் இரண்டு நாள், மூன்று நாள் என்று டிரிப்பில் ஓடும். பக்கத்து யூனிட்டில் சீஃப் அதைத் தொடவே மாட்டார். ஒரே வியாதி, ஒரே கட்டடம். இது என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

டூட்டி முடிந்த பிறகு ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து மூன்று வருடத்து கேஸ் ஷீட்களைப் புரட்டினேன். பாம் 48 மணி நேரமோ அதற்கு மேலோ ஓடியவர்கள் ஒரு குழு, மற்றவர்கள் இன்னொரு குழு. முதல் குழுவில் இறப்பு மிகவும் குறைவு. பி மதிப்பு, அதாவது மருந்தால் பலனே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.001-க்கும் கீழே. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு இதழுக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. அதை மதிப்பிட்டவர் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: 48 மணி நேரம் மருந்து வாங்க வேண்டுமென்றால் நோயாளி முதலில் 48 மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை. கட்டுரை போனதில் வருத்தமில்லை. அந்த முடிவை நம்பி இரண்டு மாதம் நோயாளிகளுக்கு மருந்து எழுதியிருக்கிறேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நோய் யாருக்கு வருகிறது, எந்த சிகிச்சை பலிக்கிறது என்று கணக்கெடுத்துப் பார்க்கும் எபிடெமியாலஜியை முறையாகப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்டடி லீவ் போட்டு இரண்டு வருடம் படிப்பதா, வேலையில் இருந்துகொண்டே தொலைதூரத்தில் படிப்பதா? மகளுக்கு நான்கு வயது. படித்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அட்டவணை
செவ்வாய், காலை 6.05

டாக்டர், நான் உயிரியல் புள்ளியியல்காரன். படிப்பைப் பற்றிப் பிறகு வருகிறேன். உங்கள் ஆய்வில் நடந்தது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். அது புரிந்தாலே பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

மருந்தால் துளியும் பலன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் அட்மிட் ஆகிறார்கள். முதல் இரண்டு நாளில் 15 பேர் இறக்கிறார்கள். மீதி 85 பேரில் பிறகு 5 பேர் இறக்கிறார்கள். இந்த 85 பேரில் 50 பேருக்கு பாம் 48 மணி நேரம் ஓடியிருக்கிறது, அவர்களில் இறப்பு 3. இப்போது உங்கள் "மற்றவர்கள்" குழுவை எண்ணுங்கள். தாண்டி வந்த 35 பேர், அவர்களில் இறப்பு 2. அவர்களோடு முதல் இரண்டு நாளில் இறந்த 15 பேரும் அங்கேதான் போய்ச் சேருவார்கள், வேறு எங்கும் போக முடியாது. ஆக 50 பேரில் 17 இறப்பு. ஒரு பக்கம் 6 சதவீதம், மறுபக்கம் 34 சதவீதம். பலனே இல்லாத மருந்துக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம்!

இதை இம்மார்ட்டல் டைம் பயாஸ் என்பார்கள். சாவே நேர முடியாத ஒரு காலத்தை ஒரு குழுவுக்கு மட்டும் இனாமாகக் கொடுத்துவிடுகிறோம். எந்த மென்பொருளும் இதைச் சரி செய்யாது. ரிக்ரெஷன் கணக்கில் வயது, நினைவின் அளவைச் சொல்லும் ஜி.சி.எஸ். என்று எதைச் சேர்த்தாலும் போகாது. கடிகாரத்தை எங்கே தொடங்குகிறோம் என்பதில் இருக்கிற கோளாறு இது. அட்மிஷன் நேரத்தில் தொடங்கி, அந்த நேரத்தில் தெரிந்ததை மட்டும் வைத்துக் குழு பிரித்திருக்க வேண்டும்.

உங்கள் மேல் குறையில்லை. நம் எம்.டி. படிப்பில் தீசிஸ் முடிந்த பிறகுதான் புள்ளியியல்காரனைத் தேடி வருகிறார்கள். கையில் எக்ஸெல் ஷீட்டோடு வந்து, "சார், பி வேல்யூ மட்டும் போட்டுக் கொடுங்க" என்பார்கள். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது மிகவும் குறைவு.

களத்துமேடு
செவ்வாய், மதியம் 1.40

நான் சென்னை என்.ஐ.ஈ.-யில் படித்தவன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் (எபிடெமியாலஜி) நிறுவனம், அயப்பாக்கத்தில் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் சேர்த்து 1999-ல் உருவாக்கினார்கள். 2001-ல் அங்கே களப் பயிற்சியோடு கூடிய இரண்டு வருட முதுகலைப் படிப்பு தொடங்கியது, பட்டம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்துடையது. அமெரிக்காவில் 1951-ல் அலெக்சாண்டர் லாங்மியூர் தொடங்கிய இ.ஐ.எஸ். என்ற கள நோய்ப்பரவலியல் பயிற்சியின் வழியில் வந்த படிப்பு அது. டாக்டருக்கு ரெசிடென்சி எப்படியோ அப்படி, வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்வது.

வகுப்புக்குச் சில வாரம் சென்னை வருவோம், மீதிக் காலமெல்லாம் களம்தான். காலரா என்று தகவல் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீடு வீடாகப் போய் லைன் லிஸ்ட், அதாவது நோயாளிகள் பட்டியல், எடுப்போம், மேப்பில் புள்ளி வைப்போம், எந்தத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்போம், ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து, அந்தத் தண்ணீர் குடித்தவர் குடிக்காதவர், நோய் வந்தவர் வராதவர் என்று இரண்டுக்கு இரண்டு கட்டம் போடுவோம். முதல் மாதமே ஆசிரியர் என்னிடம் கேட்டது: "உன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுது." மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அடுத்து வெற்று அட்டவணை போடச் சொன்னார். எண்ணே இல்லாத அட்டவணை, தலைப்பும் கட்டமும் மட்டும். எந்தக் கட்டத்தில் எது வரும் என்று தெரியாவிட்டால் தகவல் சேகரிக்கக் கிளம்பாதே என்பார்.

டாக்டர் படிப்பு முடித்தவருக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. நமக்கு நோயாளி என்றால் முன்னால் உட்கார்ந்திருப்பவர். அங்கே வராதவர்களையும் எண்ண வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வராமல் வீட்டிலேயே இறந்தவர் எந்தக் கேஸ் ஷீட்டிலும் இல்லை. இது மண்டையில் ஏற எனக்கு ஆறு மாதம் ஆனது.

இதன் பலனைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 2022-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். காசநோய் என்று தெரிந்த அன்றே உடல் எடை குறியீடு, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். ஆபத்தில் இருப்பவரை உடனே அட்மிட் செய்வார்கள். புது மருந்து, பெரிய மெஷின் எதுவுமில்லை. யார் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்ததிலிருந்து வந்த திட்டம். அதில் என்.ஐ.ஈ.-யின் உழைப்பு நிறைய.

ஊர்திரும்பி
செவ்வாய், இரவு 9.15

மற்றவர்கள் நல்லதைச் சொல்கிறார்கள், நான் மறுபக்கம் சொல்லிவிடுகிறேன்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனில் தொலைதூர எம்.எஸ்சி. எபிடெமியாலஜி படித்தேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். சர்டிபிகேட், டிப்ளமா, எம்.எஸ்சி. என்று படிப்படியாக ஏறலாம், நடுவில் நின்றாலும் கையில் ஏதாவது இருக்கும். பாடம் அருமை. ஆனால் கட்டணம் நம் சம்பளத்துக்குப் பாரம். இரவு பத்து மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்து கன்ஃபவுண்டிங் போன்ற புள்ளியியல் பாடம் படிப்பது லேசில்லை. சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அதைவிடப் பெரிய கஷ்டம் படித்து முடித்த பிறகு வந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் அந்தப் பட்டம் பதவி உயர்வுக்குக் கணக்கில் வரவில்லை. ஆராய்ச்சிக்கு என்று வாரத்தில் அரை நாள் கேட்டேன், கிடைக்கவில்லை. ஓ.பி.யில் இருநூறு பேரைப் பார்த்துவிட்டு வந்து எந்தப் புரோட்டோகால் எழுதுவது? கற்றதெல்லாம் இரண்டு வருடத்தில் துருப்பிடித்தது. இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன், இங்கே வாரம் ஒரு நாள் தருகிறார்கள், பரவாயில்லை.

அதனால் எங்கே படிப்பது என்பதோடு, திரும்பி வந்தால் நேரம் யார் தருவார் என்பதையும் இப்போதே கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

நுண்குழாய்
புதன், காலை 10.30

நான் டாக்டர் இல்லை, மூலக்கூறு உயிரியலில் பி.எச்டி. என்னைப் போன்ற லேப் ஆட்களுக்கும் இந்தப் படிப்பு வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு நோய்க்கு ரத்தத்தில் ஒரு குறியீட்டுப் புரதம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். நோயாளிகளின் ரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, எல்லாம் முற்றிய நிலை. ஒப்பிட, ஆரோக்கியமானவர்கள் என்று எங்கள் லேப் மாணவர்களின் ரத்தத்தை எடுத்தோம். பரிசோதனை அப்பழுக்கில்லாமல் பிரித்தது. ஒரு குறுகியகாலப் பயிற்சியில் இதைச் சொன்னபோது அங்கே இருந்த மருத்துவர் கேட்டார்: "இருபத்துமூன்று வயதுப் பையனையும் அறுபது வயது நோயாளியையும் பிரிக்க டெஸ்ட் எதுக்கும்மா? பார்த்தாலே தெரியுமே. எனக்குச் சந்தேகம் வர்ற ஆள்கிட்ட உங்க டெஸ்ட் என்ன சொல்லும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெருங்குடல் புற்றுக்கு சி.இ.ஏ. என்ற குறியீடு 1969-ல் வந்தபோதும் இதே கதைதான். முற்றிய நோயாளிகளிடம் பிரமாதமாகத் தெரிந்தது, ஆரம்ப நிலை நோயாளிகளிடமும் வேறு குடல் நோய் உள்ளவர்களிடமும் போனபோது அந்தப் பெருமை நிற்கவில்லை. ரான்சஹாஃப், ஃபைன்ஸ்டீன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1978-ல் இதைப் பிரித்து எழுதினார்கள். எனக்கு யாரும் பி.எச்டி.யில் இதைச் சொல்லித்தரவில்லை. பைப்பெட் பிடிக்க ஒரு வருடம் பழக்கினார்கள், யாரிடமிருந்து ரத்தம் எடுப்பது என்று ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை.

லேப், வார்டு, தெரு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரைப் பார்க்கலாம். அங்கே உள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக் குழு 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டாவைரஸ் ஒருமுறை வந்தால் அடுத்ததற்குப் பாதுகாப்பு என்று மெக்சிகோவில் கண்டார்களே, அந்த அளவு பாதுகாப்பு இங்கே இல்லை என்று அதில்தான் தெரிந்தது. பிறகு டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் 6,799 குழந்தைகளிடம் ரோட்டாவேக் தடுப்பூசிப் பரிசோதனை நடந்தது. அந்தத் தடுப்பூசியின் வைரஸ் எண்பதுகளில் டெல்லியில் பச்சிளம் குழந்தைகளிடமிருந்து எடுத்தது. லேப் ஃப்ரீசரிலிருந்து ஊர்க் குழந்தைக்கு வர முப்பது வருடம்.

வன்னியூர்
புதன், மாலை 5.50

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். டாக்டர், உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் பழக்கமானது. நஞ்சருந்தியவர்கள் நிரம்பிய விடுதிகளில்தான், நீங்கள் சொல்லும் வார்டுகளில்தான், நான் வேலை பழகினேன்.

பாம் பற்றி இரண்டு நல்ல பரிசோதனைகள் உண்டு, இரண்டும் இரண்டு திசை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 பேரிடம் செய்தது 2006-ல் வந்தது, அதிக அளவில் தொடர்ந்து ஏற்றினால் நன்மை என்றது. எங்கள் நாட்டில் 235 பேரிடம் மைக்கேல் எடில்ஸ்டன் குழு செய்தது 2009-ல் வந்தது, நன்மை தெரியவில்லை, பாம் கிடைத்த பக்கத்தில்தான் இறப்பு எண்ணிக்கை கூட இருந்தது. குடித்த மருந்து எது, எவ்வளவு நேரம் கழித்து வந்தார், எவ்வளவு கடுமை, எல்லாம் வேறு வேறு. உங்கள் சீஃப் இருவரும் ஆளுக்கொரு கட்டுரையைப் பிடித்திருக்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து வைத்தியசாலைகளில் நஞ்சருந்தியவர்களுக்குக் கரித்தூள் கொடுப்பதால் பலன் உண்டா என்று 4,632 பேரிடம் பரிசோதனை நடந்தது. 2008-ல் வெளியானது, பலன் இல்லை என்று விடை. ஓடிக்கொண்டே இருக்கிற சாதாரண விடுதிகளில் இரவு பகலாக இதைச் செய்தார்கள். பெரிய பல்கலைக்கழகக் கட்டடம் தேவைப்படவில்லை. இரவு இரண்டு மணிக்கு வந்தவரையும் விதிப்படி சேர்க்கத் தெரிந்த இளம் வைத்தியர்கள் தேவைப்பட்டார்கள். அப்படிப் பழகியவர்கள் பலர் பிறகு ஆய்வாளர் ஆனார்கள்.

இன்னொன்று. நாங்கள் விடுதியில் எந்த மருந்து காப்பாற்றும் என்று தேடிக்கொண்டிருந்தோம். நாட்டில் இறப்பைக் குறைத்தது வேறு. கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளை 1980-களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். 1995-லிருந்து 2015-க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. எந்த நஞ்சு ஆளைக் கொல்கிறது என்று வைத்தியசாலைப் பதிவுகள் சொன்னதும் அந்த முடிவுகளுக்குக் கைகொடுத்தது. உங்கள் கேஸ் ஷீட்களில் குடித்த மருந்தின் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாமைவிட அதுதான் பெரிய கேள்வியாக இருக்கலாம்.

இரவுடூட்டி
புதன், இரவு 11.55

வன்னியூர், உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு ஷீட்களைத் திரும்ப எடுத்தேன். பாதிக்கு மேல் "ஓ.பி. பாய்சனிங்", அதாவது ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு, என்று மட்டும்தான் இருக்கிறது. பாட்டிலைச் சொந்தக்காரர்கள் கொண்டு வந்திருப்பார்கள், நாங்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்போம். பெயரை யாரும் எழுதவில்லை. என் கையெழுத்துள்ள ஷீட்களிலும் இல்லை. நாளையிலிருந்து எழுதப் போகிறேன், ஹவுஸ் சர்ஜன்களிடமும் சொல்லிவிட்டேன்.

பழைய ஸ்டெத்
வியாழன், காலை 5.30

அம்மா, நான் ஓய்வு பெற்ற மெடிசின் பேராசிரியர். ஒரு பழைய செய்தி சொல்கிறேன்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து மையம் தொடங்கியபோது காசநோய் என்றால் சானடோரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு, வீட்டாரை விட்டுப் பிரிப்பு. நம் ஊரில் அவ்வளவு படுக்கைக்கு எங்கே போவது? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், ஒரு பாதி சென்னையின் நெருக்கமான வீடுகளில். இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்து சிகிச்சை செய்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. முதல் முடிவு 1959-லேயே வெளிவந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூட அது ஒரு பெரிய காரணம். இன்று நீங்கள் காசநோயாளியை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறீர்களே, அது இந்த ஊரில் கிடைத்த பதில்.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1980-ல் இன்கிளென் என்று ஒன்றைத் தொடங்கியது. நம்மைப் போன்ற நாட்டு டாக்டர்களை மெக்மாஸ்டர், பென்சில்வேனியா போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி கிளினிக்கல் எபிடெமியாலஜி கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் போட்ட ஒரு நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். திரும்பி வந்தால் அவரவர் வார்டிலேயே இருக்க வேண்டும். கூடவே ஒரு புள்ளியியல்காரர், ஒரு சமூகவியல்காரர், ஒரு பொருளாதாரக்காரர். ஒருவரையே எல்லாம் தெரிந்தவராக ஆக்க நினைக்கவில்லை, ஒரு சிறு குழுவை உருவாக்கினார்கள்.

உங்களுக்கு என் யோசனை: வார்டை விடாதீர்கள். கேள்வி அங்கேதான் இருக்கிறது. அதே சமயம் தனியாகவும் இருக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மருத்துவமனையில் எந்த நோயாளி எந்த யூனிட்டுக்குப் போகிறார் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இரவுடூட்டி
வியாழன், காலை 7.10

யாரும் முடிவு செய்வதில்லை சார். அட்மிஷன் டே பார்த்துத்தான். திங்கள் வந்தால் முதல் யூனிட், செவ்வாய் வந்தால் இரண்டாவது யூனிட், அப்படியே.

அட்டவணை
வியாழன், காலை 7.25

சார், அருமையான இடத்தில் கை வைத்தீர்கள்!

டாக்டர், கவனியுங்கள். பூச்சிமருந்து குடிப்பவர் கிழமை பார்த்து, இன்று எந்த சீஃப் டூட்டி என்று பார்த்துக் குடிப்பதில்லை. யார் பாம் கொடுக்கும் யூனிட்டுக்குப் போகிறார், யார் கொடுக்காத யூனிட்டுக்குப் போகிறார் என்பதைக் கிழமை தீர்மானிக்கிறது. நோயின் கடுமைக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இருக்க வழியில்லை. சீட்டுக் குலுக்கலுக்கு மிக அருகில் இருக்கிற ஒன்று உங்கள் ரெக்கார்டு ரூமிலேயே கிடக்கிறது.

எனவே "48 மணி நேரம் வாங்கியவர்" என்ற பிரிவையே தூக்கிப்போடுங்கள். அட்மிட் ஆன யூனிட்டை வைத்துப் பிரியுங்கள், மருந்து ஓடியதோ இல்லையோ. கடிகாரம் அட்மிஷனில் தொடங்கட்டும். முதல் மணி நேரத்தில் இறந்தவரும் அவரவர் யூனிட் கணக்கில்தான். இம்மார்ட்டல் டைம் அங்கேயே ஒழிந்தது.

இதிலும் ஓட்டை உண்டு, சொல்லிவிடுகிறேன். யூனிட்டுக்கு யூனிட் பாம் மட்டுமா வித்தியாசம்? ஒரு யூனிட் அட்ரோபினை வேகமாக ஏற்றும், ஒரு யூனிட் சீக்கிரம் வென்டிலேட்டர் போடும். அப்போது நாம் காண்பது பாமின் பலனா, யூனிட்டின் பலனா? ஞாயிறு ஆள் குறைவு. வேறு ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் ஆனவர்கள் என்ன ஆனார்கள்? இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் எண்ணைத் தொட வேண்டும்.

களத்துமேடு
வியாழன், மதியம் 2.00

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி பழைய ரெக்கார்டுக்கும் வேண்டும், மறக்க வேண்டாம். இந்த நோயாளிகளின் பெயர், முகவரி வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். பின்னால் இது பரிசோதனையாக வளர்ந்தால் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே முடிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது. மயக்கத்தில் வருபவரிடம் யார் சம்மதம் வாங்குவது என்பதைத் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வீட்டோடு சண்டை போட்டுவிட்டுக் குடித்தவருக்காக அந்த வீட்டாரே கையெழுத்துப் போடுவது சரிதானா என்று எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

படிப்புக்கு: என்.ஐ.ஈ. என்.பி.டெல் என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் பாடம் இருக்கிறதே, பி.ஜி. மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது, அதைப் பலர் தேர்வுக்காக ஓட்டிவிடுகிறார்கள். நீங்கள் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். வீடியோவுக்குப் பணமில்லை, தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

ஊர்திரும்பி
வியாழன், இரவு 8.45

டாக்டர், உங்கள் சூப்பரின்டென்டென்டிடம் பேசினீர்களா? அந்த அரை நாள்?

இரவுடூட்டி
சனி, இரவு 10.10

பேசினேன். வியாழன் மதியம் ஓ.பி. இல்லாத நேரம் எனக்கு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கடிதமாகக் கேட்டேன், திங்கள் தருவதாகச் சொன்னார்.

இந்த வருடம் ஊரை விட்டுப் போகவில்லை. இலவசப் பாடத்தை முடித்துவிட்டு, அடுத்த அறிவிப்பு வரும்போது வேலையில் இருந்தபடி படிக்கும் இரண்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்குள் இந்த ஒரு ஆய்வைச் சரியாகச் செய்து முடிக்க வேண்டும். பாம் கொடுக்காத யூனிட்டின் சீஃபிடமும் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பயந்துகொண்டே போனேன். "ரொம்ப நாளா எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கும்மா, என் யூனிட் ஷீட் எல்லாம் எடுத்துக்கோ" என்றார்.

என் கேள்வி ஒரு வாக்கியத்தில்: பூச்சிமருந்து குடித்து எங்கள் மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களில், பாம் வழக்கமாகக் கொடுக்கும் யூனிட்டின் அட்மிஷன் நாளில் வந்தவர்களுக்கும் கொடுக்காத யூனிட்டின் அட்மிஷன் நாளில் வந்தவர்களுக்கும் 28 நாளுக்குள் இறப்பில் வித்தியாசம் உண்டா?

அட்டவணை
ஞாயிறு, காலை 6.15

28 நாள் எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனவர்களை யார் தேடிப் போய்க் கேட்பது? "மருத்துவமனையில் இறப்பு" என்று மாற்றுங்கள். சொல்லாமல் போனவர்கள், ரெஃபர் ஆனவர்கள் எத்தனை பேர் என்று தனிக் கட்டம் போடுங்கள். மாற்றிவிட்டு வெற்று அட்டவணை அனுப்புங்கள், எண் எதுவும் வேண்டாம். வியாழன் மதியம் உங்கள் நேரம்தானே, மூன்று மணிக்குப் போனில் கூப்பிடுகிறேன்.